ஐந்து விசில்

வில்வித்தை மைதானத்தில் வாய்ப் பேச்சு குறைவு. எல்லாம் விசில்தான். இரண்டு முறை ஊதினால் வில்லை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வரலாம். ஒரு முறை ஊதினால் எய்யலாம். மூன்று முறை ஊதினால் வில்லை வைத்துவிட்டு, ஓடாமல் நடந்துபோய், தைத்திருக்கும் அம்புகளைப் பிடுங்கி வரலாம். ஐந்து முறையோ அதற்கு மேலோ விடாமல் ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். நாணைத் தாடைவரை இழுத்துப் பிடித்திருப்பவர்கூட அம்பை விடாமல் மெல்ல இறக்கிவிட வேண்டும். ஒலிம்பிக் மைதானத்திலும் இதே கணக்கு. பத்து வயதுப் பிள்ளைகள் பழகும் பாடசாலை மண்டபத்திலும் இதே கணக்கு.

இந்த ஐந்து விசிலைப் பற்றித்தான் பேச வேண்டும். அதற்கு முன் பெல்மதுளையின் பகல் ஒன்றரை மணியை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

பெல்மதுளைச் சந்தியைத் தெரியாதவர்கள் குறைவு. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வீதியில், இரத்தினபுரியைத் தாண்டி, எம்பிலிப்பிட்டியப் பக்கம் வீதி பிரிகிற இடம். டிசம்பர் பௌர்ணமியில் சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கும்போது சமன் தெய்வத்தின் திருவுருவம் புறப்பட்டுப் போவது இங்குள்ள கல்பொத்தாவலை விகாரையிலிருந்துதான். ஊரைச் சுற்றித் தேயிலை, இறப்பர், மாணிக்கக் குழி. ஒன்றரைக்குப் பாடசாலை மணி அடித்ததும் வெள்ளைச் சட்டைகள் வீதிக்கு இறங்கும். கொஞ்சப் பேர் டியூஷனுக்குப் போவார்கள். மிச்சப் பேர் தோட்டத்துக்கு ஏறும் பாதையைப் பிடிப்பார்கள். விடியக்காலையில் இறப்பர் பால் வெட்டப் போன அப்பா, பாலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மதியத்துக்கு மேல் வேறு கைக்காசு வேலைக்குப் போயிருப்பார். அம்மா மலையிலிருந்து இறங்க நாலரை ஆகும். லயத்தில் பெரியவர் என்று இருப்பது கண் மங்கிய ஒரு பாட்டி.

இந்த மூன்று மணித்தியாலத்தில் பிள்ளை என்ன செய்யும்? தம்பி தங்கையைப் பார்க்கும். தண்ணீர் பிடிக்கும். வீட்டில் போன் இருந்தால் அதற்குள் தலையை விட்டுக்கொள்ளும். கொஞ்சம் வளர்ந்த பையன்களை மாணிக்கக் குழி கூப்பிடும். குழியிலிருந்து அள்ளிப்போடும் கல் கிடக்கிற சரளை மண்ணுக்குச் சிங்களத்தில் 'இல்லம்' என்று பெயர். நமக்கு இல்லம் என்றால் வீடு. வீட்டை விட்டுப் பையன் போகிற இடத்துக்கும் அதே பெயர் வாய்த்திருப்பதை நினைத்து நான் பல தடவை சிரித்திருக்கிறேன்; சிரிக்கிற விஷயம் இல்லைதான். ஒரு நாள் இல்லம் கழுவிக் கையில் காசைப் பார்த்த பையனை மறுபடி ஒன்பதாம் வகுப்பு வாங்கில் உட்கார வைப்பது எவ்வளவு பாடு என்று ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தோட்டப்புறக் கல்வியைப் பற்றி எழுதுகிற நாங்கள் எல்லோரும் ஏழரையிலிருந்து ஒன்றரை வரையே எழுதுகிறோம். ஆசிரியர் பற்றாக்குறை, உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லாத குறை, ஒழுகும் கூரை. எல்லாம் நியாயமானவை. ஒன்றரைக்கும் நாலரைக்கும் இடைப்பட்ட நேரத்தை மட்டும் யாரும் தன் பொறுப்பு என்று சொல்வதில்லை. பாடசாலை கேற்றை மூடிவிட்டது, தோட்ட நிர்வாகத்துக்குப் பிள்ளைகள் பெயர்ப்பட்டியலில் இல்லை, தொழிற்சங்கத்துக்கு அவர்கள் சந்தா கட்டுவதில்லை. அந்த மூன்று மணித்தியாலத்துக்கு வில்வித்தைக் கழகம் ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். "கூரைக்கே தகரம் இல்லை, இவருக்கு வில்லு கேக்குது" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

முதலாவது, நிலம். தோட்டத்தில் சமதரையாக இருந்த இடமெல்லாம் வெள்ளைக்காரன் காலத்திலேயே ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலைக்கும் பங்களாப் புல்வெளிக்கும் போய்விட்டது. மிஞ்சிய சரிவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பந்து ஓடைக்குள் போனால் இறங்கி எடுத்து வர ஒரு ஓவர் நேரம் ஆகும். அட்டைக் கடி தனி. வில்வித்தைக்கு மைதானம் வேண்டியதில்லை. உள்ளரங்குப் போட்டியின் தூரமே 18 மீற்றர்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கட்டிய பழைய லயத்தில் ஆறு காம்பராவின், அதாவது ஆறு அறையின், முன்னிஸ்தோப்பு நீளம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதில் பாதி போதும். இந்தப் பக்கம் மழை வெயில் பார்த்துப் பெய்வதில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் இடி. ஆகவே கூரை வேண்டும். இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போன பிறகு வௌவால் குடியிருக்கும் பழைய ஸ்டோர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. அவற்றில் ஒன்றின் நீளம் இருபது வில்லாளர்களுக்குத் தாராளம்.

இரண்டாவது, வில் எங்கள் பிள்ளைகளுக்குப் புதுப்பொருள் இல்லை. மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டால் மன்மதனின் கரும்பு வில்லைப் பார்க்காத தோட்டத்துப் பிள்ளை கிடையாது. அருச்சுனன் தபசில் மரத்தின் மேல் ஏறி விடியும்வரை பாடுகிறவன் எதற்காகத் தவம் கிடக்கிறான்? பாசுபதக் கணைக்காக. கூத்து முடிந்த மறுநாள் ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு அருச்சுனர்கள் முளைப்பார்கள். மூங்கிலை வளைத்து வில், உடைந்த குடையின் கம்பி அம்பு. நானும் ஒரு காலத்தில் அப்படி ஓர் அருச்சுனன். பக்கத்துக் காம்பரா வேட்டி ஒன்றில் என் குடைக்கம்பி போட்ட ஓட்டைக்கு முதுகில் விளக்குமாற்றால் பதில் கிடைத்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. வேட்டிக்கு உள்ளே ஆள் இருந்திருந்தால்?

மாகாணத்தின் பெயரிலேயே வில் இருக்கிறது. சபரர்கள், அதாவது காட்டில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள், இருந்த நாடு என்பதே சப்ரகமுவ என்ற பெயருக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இராமனுக்குக் கனி கொடுத்த சபரியும் அந்தப் பெயர்க்காரிதான். அந்த வேடர் வழியினரில் பலர் இன்று தம்பானைப் பக்கம் ஒதுங்கியிருக்கிறார்கள். 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது அவர்களின் வேட்டைக்காடு சட்டத்தின் கம்பிக்கு அந்தப் பக்கம் போனது. வில் மட்டும் சுற்றுலாப் பயணிக்கு முன்னால் நின்று காட்டுவதற்காகத் தோளில் தங்கியது.

மூன்றாவது விஷயம் கை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பால் வெட்டுகிற ஒருவரின் கையை அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கத்தி பட்டையைச் சீவும் அளவு நகத்தின் தடிப்புக்குச் சற்று மேல். வெட்டின் ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் உள்மரத்தில் காயம் பட்டு, அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, பிறகு அந்தப் பக்கம் வெட்டவே முடியாமல் போகும். இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருநூறு முந்நூறு மரத்துக்கும் அதே சாய்வில் அதே ஆழத்தில் ஒரே மாதிரி ஒரு வெட்டு. முதல் மரத்துக்கும் கடைசி மரத்துக்கும் கை மாறக்கூடாது. வில்வித்தையில் பயிற்றுநர்கள் மாதக்கணக்கில் கத்திச் சொல்லிக்கொடுப்பதும் இதையேதான். கால் வைத்த இடம், விரல் நாணைக் கவ்வும் முட்டு, கை வந்து நிற்கும் தாடையின் அடி, விடும் கணத்தில் மூச்சு: ஒவ்வொரு அம்புக்கும் ஒரே மாதிரி. ஒலிம்பிக் தூரம் 70 மீற்றர். 122 சென்ரிமீற்றர் பலகையின் நடுவே பத்துப் புள்ளிக்கான வட்டம் 12.2 சென்ரிமீற்றர், ஒரு தேநீர்க் கோப்பையின் சாசர் அளவு. அதைக் கண் அடிப்பதில்லை, மாறாத கை அடிக்கிறது. அந்தக் கையைப் பரம்பரையாக வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையைத்தான் 'இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு' என்று சொல்லி வெளியே நிறுத்தியிருக்கிறோம்.

பணம் பெரிய தடை என்பதை மறுக்கவில்லை. தினச் சம்பளத்தை 1,350 ரூபாய்க்கு உயர்த்தி வர்த்தமானி வர 2024 செப்டெம்பர் வரை இழுபட்ட தொழிலில் இருக்கும் குடும்பம், இறக்குமதி வில்லின் விலையைக் கேட்கவும் கூசும். ஜப்பானில் உயர்நிலைப் பாடசாலைகளில் பாடம் முடிந்த பின் நடக்கும் கழகங்களில் கியூடோ என்ற அவர்களின் வில்வித்தையும் ஒன்று. அங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் கையில் முதல் நாளே வில்லையும் அம்பையும் கொடுத்துவிடுவதில்லை. ஒரு குட்டைத் தடியில் இறப்பர் குழாயைக் கட்டிக் கொடுப்பார்கள். 'கோமு யுமி', இறப்பர் வில். அதை இழுத்து இழுத்து உடம்பு வடிவத்துக்கு வந்த பிறகுதான் உண்மையான வில். அதுவும் முதலில் இரண்டு மீற்றர் தள்ளி வைத்த வைக்கோல் கட்டில். இறப்பர் மரத்துக்கு நடுவே பிறந்து வளர்கிற பிள்ளைக்கு ஒரு துண்டு இறப்பர் குழாய் வாங்கவா வழியில்லை? முதல் மூன்று மாதத்துக்குக் கழகத்தின் சாமான் செலவு அவ்வளவுதான். அதற்குள் வருகிற பிள்ளை யார், நின்றுவிடுகிற பிள்ளை யார் என்று தெரிந்துவிடும். பிறகு பத்திலிருந்து இருபது இறாத்தல் இழுவிசையுள்ள பயிற்சி வில் ஐந்தோ ஆறோ, மாறி மாறிப் பிடிக்க.

இனி, வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். வில் ஓர் ஆயுதம். தமிழ்ப் பிள்ளையின் கையில், சப்ரகமுவவில்.

1977இலும் 1983இலும் தமிழருக்கு எதிரான வன்செயல்களில் இந்த மாவட்டம் பட்டது எல்லோருக்கும் தெரியும். இடையில் 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நடந்ததை வெளியூர்க்காரர்கள் மறந்துவிட்டார்கள்; லயத்தை விட்டுத் தேயிலைச் செடிக்குள் இரவு கழித்தவர்கள் மறக்கவில்லை. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் போக, இருந்தவர்கள் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டார்கள்: கவனத்தை ஈர்க்காமல் இருப்பது. சத்தமாகப் பேசாதே, கூட்டமாக நிற்காதே, கையில் எதையும் வைத்துக்கொண்டு வீதியில் போகாதே. அந்தப் பழக்கத்தோடு வளர்ந்த தாயிடம் போய், "உங்கள் மகளுக்கு வில்லும் அம்பும் கொடுக்கப் போகிறோம்" என்றால் அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

ஆயுதமா விளையாட்டா என்ற வழக்கு நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2002இல் 21 நடுநிலைப் பாடசாலைகளில் தொடங்கிய பாடசாலை வில்வித்தைத் திட்டம் பிறகு நாடு முழுதும் பரவியது. 2022இல், பாடசாலைத் துப்பாக்கிச் சூடு ஒன்றின் பின் வந்த சட்டத்தில், ஆபத்தான ஆயுதப் பயிற்சிக்குக் கல்வி நிதியைச் செலவிடக்கூடாது என்று ஒரு வரி சேர்ந்தது. கல்வித் திணைக்களம் அந்த வரிக்குள் வில்வித்தையையும் அடக்கிவிட்டது. அடுத்த வருடம் மக்கள் பிரதிநிதிகள் சபையில் 424 பேர் ஆதரவாகவும் ஒரே ஒருவர் எதிராகவும் வாக்களித்து அதைத் திருத்தினார்கள். 2023 ஒக்டோபரில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் பிள்ளைகளின் வில் விஷயத்தில் ஒத்துப்போனது வேடிக்கைதான். வேட்டைக்காரர்களின் வாக்கும் அதற்குள் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊருக்கு அமெரிக்கத் தீர்வு பொருந்தாது. என் யோசனை வேறு. இந்தக் கழகத்தைத் தமிழ்ப் பாடசாலைக்குள் மட்டும் அடைத்து வைக்கவே கூடாது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பாடசாலையோடு சேர்ந்தே தொடங்க வேண்டும்; சேராவிட்டால் தொடங்காமலே இருக்கலாம். வில் எல்லாம் ஒரே அலுமாரியில், பூட்டு ஒன்று, திறப்பு இரண்டு: ஒன்று ஒரு பாடசாலையிடம், மற்றது மற்றப் பாடசாலையிடம். ஒரே கோட்டில் மாலாவும் மல்காந்தியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். கட்டளைக்குத் தமிழும் வேண்டாம், சிங்களமும் வேண்டாம். முதலில் சொன்னேனே, விசில். இந்த நாட்டில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே நொடியில் ஒரே மாதிரி விளங்குகிற மொழி வேறெது இருக்கிறது?

பதக்கக் கதைகளைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்கிறேன். ஜார்க்கண்டில் ராஞ்சிக்குப் பக்கத்து ராத்து சட்டி கிராமத்தில் ஓட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரி, கல்லால் மாங்காய் அடித்துக் கண் பழகியவர். 2005இல் கர்சாவான் பயிற்சிக்கூடத்தில் அவரைச் சேர்க்கவே தயங்கினார்கள், அவ்வளவு மெலிவு. அடுத்த வருடம் ஜம்ஷெட்பூர் டாடா வில்வித்தைக் கழகம். 2010இல் டெல்லி பொதுநலவாயப் போட்டியில் இரண்டு தங்கம். இலவசச் சாப்பாடு, தங்குமிடம், உபகரணம் கிடைக்கும், வீட்டுச் சுமை குறையும் என்பதே தான் சேர்ந்த காரணம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தேயிலைக்கு ஆள் பிடிக்கப்பட்ட காலத்தில் தென்னாட்டிலிருந்து நம் முன்னோர் கண்டிச் சீமைக்கு வந்ததுபோல, அந்தச் சோட்டா நாக்பூர் மேட்டிலிருந்து அவருடைய முன்னோரின் அண்டை அயலார் அசாமுக்குப் போனார்கள். அந்த வகையில் நமக்கு ஒரு தூரத்து உறவு.

2019 டிசம்பர் நேபாளத் தெற்காசிய விளையாட்டில் பங்களாதேஷ் வில்வித்தையின் பத்துத் தங்கத்தையும் வாரிக்கொண்டு போனது. இந்தியா தடையில் இருந்ததால் வரவில்லை என்பது உண்மை. சில இறுதிப் போட்டிகளில் எதிரே நின்று தோற்றவர்கள் நம் நாட்டவர் என்பதும் உண்மை. அதில் மூன்று தங்கம் எடுத்த ஏதி காத்துன் என்ற பிள்ளைக்கு அப்போது 14 வயது. சுவாடங்கா மாவட்டத்தில் பன்னிரண்டு வயதளவில் வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்கள். திறமை தேடும் முகாமொன்றில் தேறி வில்லைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து தப்பியவர் அவர். பெரிய பிள்ளையான மறுநாளே மகளை விளையாட்டிலிருந்து நிறுத்தும் வீடுகள் நம் தோட்டங்களிலும் இருக்கின்றன. உடம்போடு உடம்பு மோதாத, உடுப்பைக் குறைக்கத் தேவையில்லாத, கோட்டில் நின்ற இடத்திலேயே ஆடுகிற விளையாட்டுக்கு அந்த வீடுகளும் 'வேண்டாம்' சொல்லக் காரணம் தேட வேண்டும்.

இவர்களைப் போல் உங்கள் பிள்ளையும் வருவாள் என்று சொல்ல நான் வரவில்லை. தீபிகா 2012இலிருந்து 2024 வரை நான்கு ஒலிம்பிக்கில் எய்து ஒரு பதக்கமும் இல்லாமல் திரும்பியவர். உலக முதல் நிலைக்கு வந்தவருக்கே இதுதான் கணக்கு. பதக்கத்துக்காக நாற்பது பிள்ளைகளோடு கழகம் தொடங்கினால் இரண்டாம் வருடம் ஐந்து பிள்ளைகள் மிஞ்சுவார்கள், மற்ற முப்பத்தைந்து பேர் மறுபடி லயத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த முப்பத்தைந்து பேர்தான் வேண்டும்.

அதேபோல் 'கவனம் கூடும், பரீட்சையில் புள்ளி கூடும்' என்ற விளம்பரத்தையும் நம்பிப் பெற்றோரை அழைக்காதீர்கள். வில்லைப் பிடித்தால் கணிதம் வரும் என்பது, வல்லாரை தின்றால் சரித்திரம் மனப்பாடமாகும் என்பது போல. புள்ளி கூடாத தவணையில் முதலில் நிறுத்தப்படுவது கழகம்தான். நான் எதிர்பார்க்கும் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. இலக்குப் பலகைக்கு அருகில் போய்ப் பார்க்கலாம், வாருங்கள்.

மூன்று விசில் ஊதியாயிற்று. நாலு பிள்ளைகள் பலகைக்கு முன்னால் நிற்கிறார்கள். யாரும் அம்பைத் தொடக்கூடாது, பலகையையும் தொடக்கூடாது. புள்ளி எழுதி முடியும்வரை அதுதான் சட்டம். ஒவ்வொருவரும் தன் அம்புகளின் புள்ளியைத் தானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பெரியதிலிருந்து சிறியதாக: "ஒன்பது, ஏழு, நாலு." மற்ற மூவரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஓர் அம்பு ஏழுக்கும் எட்டுக்கும் நடுக்கோட்டில். கோட்டைத் தொட்டிருந்தால் கூடிய புள்ளி, தொடாவிட்டால் குறைந்தது. மயிரிழை. குனிந்து, ஒரு கண்ணை மூடி, மூக்கு அம்பில் படுமோ என்ற அளவுக்குப் போய்ப் பார்த்து, எய்தவளே சொல்கிறாள்: "படல்ல. ஏழு." 

பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தோழிகளுக்கு முன்னால், தனக்கு நட்டமான உண்மையைத் தானே சொல்கிறது. பலகைக்குப் போகாமல் சுவரில் பட்ட அம்புக்கும் இப்படித்தான், 'இல்லை' என்று சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். காற்று, வில் சரியில்லை, பக்கத்தில் நின்றவன் இருமினான் என்று கதை சொல்லலாம். தாளில் பூச்சியம்தான் ஏறும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பாட்டிமார் சொல்வது வேறொரு நியாயத்துக்கு. இங்கே அது எழுத்துக்கு எழுத்து நடக்கிறது. ஒரு பின்னேரத்தில் முப்பது அம்பு என்றால் முப்பது தடவை. வகுப்பறையில் பிள்ளை தன் தவறைச் சிவப்பு மையில் மற்றவர் எழுத வாங்கிக்கொள்கிறது. தானே எழுதிக்கொள்ளும் இடம் எனக்குத் தெரிந்து இந்த ஒன்றுதான்.

இனி அந்த ஐந்து விசில்.

தோட்டத்தில் பிறந்தவர்களின் நாள், யாரோ எழுப்பும் சத்தத்தில் தொடங்கியது. அந்தக் காலத்தில் விடியலில் தப்பு அடித்து எழுப்பினார்கள், கொம்பு ஊதினார்கள். வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்காரர் சொன்ன நிறைதான் நிறை. அரைநாள் கூலிதான், அரைப்பேர் என்றால் அரைப்பேர். சத்தம் எப்போதும் மேலேயிருந்து கீழே வரும். கீழேயிருந்து ஒருவர் 'நிறுத்துங்கள்' என்று சொல்லி, மேலே இருப்பவர் நின்றுபோன சம்பவங்களை விரல் விட்டு எண்ணலாம். அவற்றுக்கு நாம் வேலைநிறுத்தம் என்று பெயர் வைத்து வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வில்வித்தை மைதானமும் கட்டளையால் நடக்கிற இடம்தான். ஆனால் ஒழுங்காக நடத்தப்படும் எந்தப் பயிற்சிக்கூடத்திலும் ஒரு விதி உண்டு. ஆபத்தைக் காண்கிறவர் யாராக இருந்தாலும் நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்கலாம். பயிற்றுநர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நேற்றுச் சேர்ந்த பிள்ளை கத்தினாலும் ஐந்து விசிலுக்குரிய மரியாதை அதற்கு உண்டு. சீனியர் அண்ணனும் வில்லை இறக்க வேண்டும், வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்து ஒரு அம்பு விட்டுப் பார்க்கும் ஐயாவும் இறக்க வேண்டும். பிறகுதான் ஏன் என்று கேட்கலாம். தவறாகக் கத்தியிருந்தாலும் ஏசக்கூடாது. ஏசினால் அடுத்த தடவை யாரும் கத்தமாட்டார்கள். 'வாழ்க்கைத் திறன்' என்று செயலமர்வுகளில் வெள்ளைப் பலகையில் எழுதிப் போடுகிறார்களே, அதற்குள் எதெல்லாம் அடங்கும் என்று எனக்குச் சரியாக விளங்கியதில்லை. ஒரு தோட்டத்துப் பெண் பிள்ளை, தன்னைவிடப் பெரியவர்களைப் பார்த்து, நில் என்று சொல்லி, அவர்கள் நிற்பதைக் கண்ணால் காண்பது அதில் அடங்குமானால், எனக்கு அந்தச் சொல் சம்மதம்.

ஒரு பயமும் உண்டு. நல்ல காரியங்கள் நம் ஊரில் எப்படி முடிகின்றன என்று பார்த்திருக்கிறேன். பொன்னாடை, மாலை, படம். நன்கொடையாக வந்த விளையாட்டுச் சாமான்கள் ஒரு பாடசாலையில் பொலித்தீன் உறையோடு அலுமாரிக்குள் நான்கு வருடம் இருந்ததை நானே பார்த்தேன், பிள்ளைகள் உடைத்துவிடுவார்களாம். வில்லுக்கும் அதே கதி வரலாம். வில்லை விட ஆள் முக்கியம். பயிற்சி பெற்ற ஒரு பெரியவர், முடிந்தால் அதே தோட்டத்துப் படித்த பிள்ளை, வாரத்தில் மூன்று நாள் ஒன்றரை முதல் நாலரை வரை அங்கே இருக்க வேண்டும், அவருக்குச் சம்பளம் இருக்க வேண்டும். தொண்டு என்று ஒரு வருடம் ஓட்டலாம், இரண்டாம் வருடம் அவரும் கொழும்புக் கடைக்குப் போய்விடுவார். மாகாண விளையாட்டுத் திணைக்களமும் தோட்டக் கம்பனியும் பிரதேச சபையும் ஒருவரையொருவர் கைகாட்டாமல் அந்த ஒரு சம்பளத்தைப் பிரித்துக்கொண்டால் மிச்சம் தானாக நடக்கும்.

போன வருடம் ஒரு ஞாயிறு, தெரிந்த தோட்டமொன்றில், லயத்துக்கு முன்னால் இதை விளையாட்டாகச் செய்து பார்த்தேன். இரண்டு மூங்கில் வில், நுனியில் துணி சுற்றிய அம்பு, உரப்பைக்குள் பழந்துணி அடைத்து ஒரு இலக்கு. பன்னிரண்டு பிள்ளைகள். விசில் கணக்கைச் சொல்லிக்கொடுக்க அரை மணித்தியாலம் ஆனது, மூன்றுக்கு ஓடாமல் நடக்க வைப்பதுதான் பெரும்பாடு. எனக்கும் ஆசை விடவில்லை. கோட்டில் நின்று, குடைக்கம்பிக் காலத்தை நினைத்துக்கொண்டு, நாணை நன்றாக இழுத்தேன்.

"நில்லுங்க! நில்லுங்க சேர்! அப்பாயி வருது!"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் சின்னது, நாலாம் வகுப்போ என்னவோ. காம்பராக் கோடியிலிருந்து ஒரு கிழவி தண்ணீர்ப் பானையோடு இலக்குப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். நான் வில்லை இறக்கினேன். பக்கத்தில் நின்ற பையனும் இறக்கினான். அப்பாயி எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார், பானையை இடுப்பில் சரிசெய்துகொண்டார், அவசரமே இல்லாமல் உரப்பைக்கு முன்னால் கடந்து போனார். அவர் படியேறி உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை யாரும் அசையவில்லை. பிறகு எல்லோரும் அந்தச் சின்னதைத் திரும்பிப் பார்த்தோம், இனி எய்யலாமா என்று.